கோவேறு கழுதைகளின் இனப்பெருக்கம்

கோவேறு கழுதை என்பது ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கலப்பின விலங்கு ஆகும். ஆண் குதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறக்கும் கலப்பினம் ஆங்கிலத்தில் ஹின்னி என வழங்கப்படுகிறது. தமிழில் இவ்விரண்டையும் வேறுபடுத்தும் தனிச்சொற்கள் வழக்கில் இல்லை. பழந்தமிழில் கோவேறு கழுதைக்கு அத்திரி என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கடலாடச் செல்லும் கோவலன் ஏறிச் செல்வது அத்திரியே.

கோவேறு கழுதைகள் பொதுவாக மலடானவை. ஆண் கோவேறு கழுதை குட்டிக்குத் தந்தையானதாக உறுதி செய்யப்பட்ட நிகழ்வு ஒன்றேனும் இல்லை. ஆனால் பெண் கோவேறு கழுதைகள் மிக அரிதாகக் குட்டி ஈன்றுள்ளன. 1527ஆம் ஆண்டு முதல் இன்று வரை உலகெங்கும் ஏறத்தாழ 60 நிகழ்வுகள் பதிவாகியுள்ளதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. இவற்றுள் மரபணுச் சோதனையால் உறுதி செய்யப்பட்டவை ஒருசிலவே. "63 ஒற்றைப்படை எண், அதை இரண்டாகப் பிரிக்க முடியாது, ஆகவே கோவேறு கழுதை மலடு" என்பது பள்ளிப் பாடங்களில் பரவலாகத் தரப்படும் விளக்கம். இது பாதி உண்மை மட்டுமே. ஒற்றைப்படை எண்ணிக்கையில் நிறப்புரிகள் கொண்டும் குட்டி ஈனும் கலப்பினங்கள் உண்டு. இரட்டைப்படை எண்ணிக்கை இருந்தும் மலடாக இருப்பவையும் உண்டு.

பழங்கால நம்பிக்கைகள்

கோவேறு கழுதை ஈனாது என்பதை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். அதற்குக் காரணமும் தேடினர். ஐதரேய பிராமணத்தில் ஒரு கதை வருகிறது. தேவர்களுக்குள் நடந்த ஓட்டப்பந்தயத்தில் அக்கினி கோவேறு கழுதைகள் பூட்டிய தேரில் சென்றான். ஓட்டும்போது அவற்றின் கருப்பைகளை அவன் எரித்துவிட்டதால் அவை கருத்தரிப்பதில்லை என்பது அக்கதை. பெண் கோவேறு கழுதை சினையுற்றால் அது தன் சாவுக்கே என்னும் உவமை மகாபாரதத்திலும் பௌத்த நூல்களிலும் காணப்படுகிறது. தேவதத்தனுக்குக் கிடைத்த புகழும் ஆதாயமும் அவனுக்கே கேடாக முடிந்ததை விளக்கப் புத்தர் இவ்வுவமையைக் கூறியதாகப் பாலி நூல்கள் சொல்கின்றன. குலை தள்ளியதும் மடியும் வாழையும், காய்த்ததும் மடியும் மூங்கிலும் அவ்வுவமையில் உடன் வருகின்றன. கோவேறு கழுதை சினையுறுவது அரிது என்பதோடு, அது ஆபத்தானது என்றும் அக்காலத்தவர் எண்ணினர் என்பது இதனால் தெரிகிறது.

கிரேக்க மெய்யியலாளர்கள் இதனை ஓர் அறிவியல் வினாவாகவே எடுத்துக்கொண்டனர். இரு மென்மையான வித்துகள் கலக்கும்போது இறுகிவிடுகின்றன என்றும், செம்பும் வெள்ளீயமும் கலந்தால் கடினமான வெண்கலம் உண்டாவது போன்றது இது என்றும் எம்பெடோகிளிஸ் கூறினார். அரிஸ்டாட்டில் தம் விலங்குகளின் தோற்றம் பற்றிய நூலில் இவ்விளக்கத்தையும் டெமாக்கிரிட்டஸின் விளக்கத்தையும் மறுத்தார். ஆனால் கழுதை இயல்பிலேயே குளிர்ச்சி மிக்கது என்னும் அவரது சொந்த விளக்கமும் நிலைக்கவில்லை. சிரியாவில் குட்டி ஈனும் கோவேறு கழுதைகள் இருப்பதாக அவர் குறிப்பிட்டு, அவை தோற்றத்தில் ஒத்த வேறோர் இனம் என்றும் சேர்த்துக் கூறினார். அவர் குறிப்பிட்டது ஆசியக் காட்டுக்கழுதையையே என்று கருதப்படுகிறது.

நடக்கவே நடக்காத ஒன்றைத் தமிழில் குதிரைக் கொம்பு என்பதுபோல, உரோமானியர் "கோவேறு கழுதை ஈனும்போது" என்றனர். அந்த அரிய நிகழ்வு நடந்துவிட்டதாகச் செய்தி வந்தபோதெல்லாம் அது சகுனமாகக் கொள்ளப்பட்டது. பாரசீக மன்னன் முதலாம் டேரியஸ் பாபிலோனை முற்றுகையிட்டபோது, கோவேறு கழுதை குட்டி போடும் நாளில்தான் நகரைப் பிடிப்பீர்கள் என்று மதில்மேல் நின்ற ஒருவன் எள்ளி நகையாடினான். முற்றுகையின் இருபதாம் மாதத்தில் சோப்பிரஸ் என்னும் பாரசீகப் பெருமகனின் கோவேறு கழுதை ஒன்று ஈன்றது, அதன்பின் நகரம் வீழ்ந்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இக்கதையின் வரலாற்று உண்மை ஐயத்துக்கு உரியது. கி.பி. 68இல் உரோமப் பேரரசனான கால்பாவின் குடும்பத்திலும் இத்தகைய கதை உண்டு. உன் குலத்துக்கு ஆட்சி வரும் என்று குறி சொல்லப்பட்டபோது, அவனுடைய பாட்டன் "ஆம், கோவேறு கழுதை ஈனும்போது" என்று சிரித்தாராம். பின்னாளில் கோவேறு கழுதை ஈன்ற செய்தி கேட்டுக் கால்பா கிளர்ச்சிக்குத் துணிந்தான் என்று சூட்டோனியஸ் குறிப்பிடுகிறார்.

நிறப்புரி எண்ணிக்கை

குரோமோசோம் எனப்படும் நிறப்புரிகள் குதிரையில் 64, கழுதையில் 62. கோவேறு கழுதை தாயிடமிருந்து 32, தந்தையிடமிருந்து 31 பெறுவதால் அதற்கு 63 நிறப்புரிகள் உள்ளன. ஹின்னிக்கும் 63தான். இவ்வெண்ணிக்கைகள் 1962ஆம் ஆண்டளவில் உறுதியாயின. இவ்வாய்வுகளில் பங்கு கொண்டவர்களுள் கர்ட் பெனிர்ஷ்கே குறிப்பிடத்தக்கவர். அதற்கு முன்பே, 1916இல், வோட்செடாலெக் என்பவர் கோவேறு கழுதையின் விரைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, விந்தணு உருவாகும் செயல் இடைவழியில் நின்றுவிடுவதைக் கண்டிருந்தார்.

உடல் வளர்ச்சிக்கான உயிரணுப் பிரிவில் ஒவ்வொரு நிறப்புரியும் தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு பிரிகிறது. இதற்கு இணை தேவையில்லை. எனவே கோவேறு கழுதை 63 நிறப்புரிகளுடன் எக்குறையுமின்றி வளர்கிறது. பல வகைகளில் பெற்றோரைவிட வலிமையாகவும் இருக்கிறது. இடர்ப்பாடு விந்தணுவும் முட்டையும் உருவாகும்போதுதான் எழுகிறது. இதற்கான பிரிவு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குன்றல் பகுப்பு என்றும் இலங்கைப் பாடநூல்களில் ஒடுக்கற்பிரிவு என்றும் அழைக்கப்படுகிறது. இதில் தாய்வழி நிறப்புரி ஒவ்வொன்றும் அதற்கு ஒத்த தந்தைவழி நிறப்புரியைத் தேடி, அதனோடு நீளவாட்டில் ஒட்டி இணைய வேண்டும். இணைந்த பிறகே இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் செல்லும்.

எண்ணிக்கையில் ஒன்று கூடுதல் என்பது மட்டும் இந்த இணைவைத் தடுத்துவிடாது. இதற்குச் சிறந்த சான்று மங்கோலியாவின் பிரெவால்ஸ்கி குதிரை ஆகும். அதன் நிறப்புரிகள் 66. வீட்டுக் குதிரையோடு கலந்தால் பிறக்கும் குட்டிக்கு 65. இதுவும் ஒற்றைப்படையே. ஆயினும் அக்கலப்பினத்தின் ஆண், பெண் இரண்டும் நன்கு இனப்பெருக்கம் செய்கின்றன. இன்று வாழும் பிரெவால்ஸ்கி குதிரைகளின் மூதாதையருள் வீட்டுக் குதிரை ஒன்றும் உண்டு. காரணம் எளியது. ஒன்றில் தனித்தனியாக உள்ள இரு நிறப்புரிகள் மற்றதில் முனையோடு முனை ஒட்டி ஒன்றாக உள்ளன. மற்றவை பெரும்பாலும் மாறவில்லை. ஆகவே ஒட்டிய அந்த ஒன்று, தனித்த இரண்டோடு மூவராகச் சேர்ந்து நின்று, பின் முறையாகப் பிரிந்துவிடுகிறது.

குதிரையும் கழுதையும் இவ்வளவு நெருங்கியவை அல்ல. அவற்றின் பொது மூதாதை வாழ்ந்தது ஏறத்தாழ 40 முதல் 45 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அதன் பிறகு இரு வழிகளிலும் நிறப்புரிகள் பலமுறை ஒட்டியும் உடைந்தும் தலைகீழாகத் திரும்பியும் மாறியுள்ளன. ஒரே நூலின் இரு பதிப்புகளை ஒப்பிடுவதாகக் கொள்ளலாம். ஒரு பதிப்பில் இரு இயல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தால் ஒப்பிடுவது கடினமன்று. பக்கங்கள் முழுவதும் இடம் மாறியிருந்தால் வரிக்கு வரி ஒப்பிட இயலாது. இணை கிடைக்காத நிறப்புரிகள் எஞ்சும்போது, உயிரணுவுக்குள் இருக்கும் கண்காணிப்பு முறை அதனைப் பிழையாகக் கண்டு அந்த உயிரணுவையே அழித்துவிடுகிறது. கோவேறு கழுதையின் மலட்டுத்தன்மைக்கு இவ்வழிவே நேரடிக் காரணம்.

நிறப்புரிகளின் வடிவம் மட்டுமன்றி, தனி மரபணுக்களும் மலட்டுத்தன்மையை உண்டாக்கலாம். 2009இல் சுண்டெலிக் கலப்பினங்களில் ஆண் மலட்டுத்தன்மைக்குக் காரணமான மரபணு ஒன்று அடையாளம் காணப்பட்டது. பி.ஆர்.டி.எம்.9 எனப்படும் அம்மரபணு, நிறப்புரிகள் எந்தெந்த இடங்களில் தம்முள் பகுதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைக் குறிக்கும் புரதத்தை உருவாக்குகிறது. அவ்வெலிகளில் இரு பெற்றோரின் நிறப்புரி எண்ணிக்கையும் சமம்.

ஆணும் பெண்ணும்

ஆண் கோவேறு கழுதைக்குப் பால் உணர்ச்சியில் குறைவில்லை. ஆண் இயக்குநீரும் சுரக்கிறது. அதனால் முரட்டுத்தனம் மிகும். வேலைக்கு வளர்க்கப்படும் ஆண் கோவேறு கழுதைகள் மலடு என்று தெரிந்தும் காயடிக்கப்படுவது இதனால்தான்.

பெண்ணின் நிலை வேறு. கருவில் இருக்கும்போது சூலகத்தில் முட்டைக்கான உயிரணுக்கள் உருவாகின்றன. பிறப்பையொட்டிய காலத்தில் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அழிகின்றன. ஆனால் சில சமயம் ஒருசில எஞ்சிவிடுகின்றன என்பதை டெய்லர், ஷார்ட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவ்வாறு எஞ்சிய விலங்குகளுக்குப் பருவச் சுழற்சியும் வரக்கூடும். பாலூட்டிகளில் விந்தணு உருவாக்கத்தின் கண்காணிப்பு கடுமையானது, முட்டை உருவாக்கத்தில் அது சற்றுத் தளர்ந்தது. தப்பிய அச்சில முட்டைகளிலிருந்தே அரிய பிறப்புகள் நிகழ்கின்றன.

1980களில் நடந்த கருமாற்று ஆய்வுகளில் பெண் கோவேறு கழுதைகளின் கருப்பையில் குதிரைக் கருவும் கழுதைக் கருவும் வைக்கப்பட்டன. அவை அக்கருக்களை முழுக்காலமும் சுமந்து ஈன்றன. அதாவது கருப்பையில் ஒரு குறையும் இல்லை. அக்கினி எரித்தது கருப்பையை அன்று, முட்டையை என்று ஐதரேயக் கதையைத் திருத்திக்கொள்ளலாம்.

கலப்பினத்தில் ஒரு பால் மட்டும் மலடாக இருந்தால், அது பெரும்பாலும் இரு வேறுபட்ட பால் நிறப்புரிகளைக் கொண்ட பாலாகவே இருக்கும் என்று 1922இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் எழுதினார். இது ஹால்டேன் விதி எனப்படுகிறது. பாலூட்டிகளில் எக்ஸ், ஒய் என வேறுபட்ட இணை ஆணுக்கு உள்ளது. பறவைகளில் அது பெண்ணுக்கு. ஆகவே பறவைக் கலப்பினங்களில் பெண்ணே முதலில் மலடாகிறது. ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தார்.

ஈன்ற கோவேறு கழுதைகள்

கோவேறு கழுதை ஈன்றதாக வரும் செய்திகளை அப்படியே ஏற்க இயலாது. பெண் கோவேறு கழுதைக்குத் தாய்மை உணர்வு மிகுதி. பிற விலங்கின் குட்டியைக் கவர்ந்து தன்னுடன் வைத்துக்கொள்வதுண்டு. சில வேளை மடியில் பாலும் சுரக்கும். காலையில் கொட்டிலைத் திறப்பவர் பால் குடிக்கும் குட்டியைக் கண்டால் என்ன நினைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும் தாயாகக் கருதப்படும் விலங்கு உண்மையில் கோவேறு கழுதைதானா, அல்லது அதைப் போன்ற தோற்றமுடைய குதிரையோ கழுதையோ என்பதும் உறுதியாக வேண்டும். ஆகவே தாய், குட்டி இரண்டின் நிறப்புரிகளையும் குருதியையும் சோதிப்பது இன்றியமையாதது.

சோதனை வசதிகள் வருமுன் நடந்தவற்றுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1920களில் வேளாண் கல்லூரி ஒன்றில் இருந்த ஓல்டு பெக் என்னும் கோவேறு கழுதை. அது ஆண் கழுதையோடு சேர்ந்து கோவேறு கழுதை போன்ற பெண் குட்டியையும், பின்னர் ஆண் குதிரையோடு சேர்ந்து குதிரை போன்ற ஆண் குட்டியையும் ஈன்றது. அந்த ஆண் குட்டி வளர்ந்து தானும் குட்டிகளுக்குத் தந்தையானது.

1984இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் சாம்பியன் என்னும் சிற்றூரில் கிராஸ் என்ற கோவேறு கழுதை ஆண் குட்டி ஒன்றை ஈன்றது. குட்டிக்கு புளூ மூன் என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் நீல நிலவு என்பது மிக அரிதாக நிகழ்வதைக் குறிக்கும் வழக்கு. சான் டியாகோ விலங்குக்காட்சியகத்தின் ஆலிவர் ரைடரும் பிறரும் இருவிலங்குகளையும் சோதித்தனர். தாய்க்கு 63 நிறப்புரிகள், குட்டிக்கும் 63. தந்தை கழுதை என்பதால் 31 அதனிடமிருந்து வந்தவை. மீதி 32உம் குதிரைக்கு உரியவை. அதாவது கிராஸ் தன் தாயான குதிரையிடம் பெற்ற தொகுதியை மட்டும் முழுமையாகக் குட்டிக்குக் கொடுத்து, தன் தந்தையான கழுதையிடம் பெற்றதை விட்டுவிட்டது. கிராஸ் 1987இல் இரண்டாவது குட்டியையும் ஈன்றது.

ஓல்டு பெக்கின் இரு குட்டிகளும் இவ்விளக்கத்துக்குப் பொருந்துகின்றன. முட்டையில் குதிரைத் தொகுதி மட்டும் இருந்தால், ஆண் கழுதையோடு சேர்ந்தால் கோவேறு கழுதையும் ஆண் குதிரையோடு சேர்ந்தால் தூய குதிரையும் பிறக்கும். இது தற்செயலாக நிகழக்கூடியதா? நாணயத்தைச் சுண்டுவதுபோல் ஒவ்வோர் இணையிலும் குதிரையோ கழுதையோ ஏதேனும் ஒன்று விழும் என்று கொள்வோம். 31 முறையும் தொடர்ந்து குதிரையே விழுவதற்கான வாய்ப்பு 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 214 கோடியில் ஒன்று. சூலகத்தில் எஞ்சும் முட்டைகளோ மிகச் சில. ஒரே விலங்கு இத்தகைய குட்டிகளை இருமுறை ஈன்றதை நாணயக் கணக்கால் விளக்க முடியாது. ஏதோ ஒரு செயல்முறை தாய்வழித் தொகுதியை ஒன்றாகக் காத்து முட்டைக்குள் சேர்க்கிறது என்றே எண்ண வேண்டியுள்ளது.

இத்தகைய செயல்முறை இயற்கையில் வேறிடத்தில் உள்ளது. ஐரோப்பாவில் மக்கள் உணவாகக் கொள்ளும் தவளை ஒன்று உண்மையில் குளத்துத் தவளை, சதுப்புத் தவளை ஆகிய இரண்டின் கலப்பினம். பெரும்பாலான இடங்களில் அது முட்டை உருவாக்கும் முன் குளத்துத் தவளையின் நிறப்புரிகளை முழுவதும் நீக்கிவிடுகிறது. பிறகு குளத்துத் தவளையோடு மீண்டும் சேர்ந்து, நீக்கியதைத் தலைமுறைதோறும் புதிதாகப் பெற்றுக்கொள்கிறது. கோவேறு கழுதையிலும் இதுதான் நடக்கிறது என்று கூறிவிட இயலாது.

ஏனெனில் சீனச் சான்று வேறு வகையானது. அங்கு 1981இல் பெண் ஹின்னி ஒன்று ஆண் கழுதையோடு சேர்ந்து ஈன்ற குட்டி டிராகன் குட்டி என்று பெயர் பெற்றது. அதன் நிறப்புரி அமைப்பு குதிரை, கழுதை, கோவேறு கழுதை எதனோடும் பொருந்தவில்லை. தாய் கொடுத்த தொகுதியில் குதிரையின் நிறப்புரிகளும் கழுதையின் நிறப்புரிகளும் கலந்திருந்தன. ஆகவே முட்டை உருவாக ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்க வேண்டும்.

2002இல் மொராக்கோவிலும், 2007 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கால்பிரன் என்னும் ஊரிலும் கோவேறு கழுதைகள் ஈன்றன. கொலராடோ குட்டியின் தாய்மை மரபணுச் சோதனையால் உறுதியானது. மொராக்கோவில் அது உலக முடிவின் அறிகுறியோ என்று ஊரார் அஞ்சியதாகச் செய்திகள் வெளிவந்தன.

பிற கலப்பின விலங்குகள்

சிங்கம், புலி இரண்டுக்கும் 38 நிறப்புரிகள். இவற்றின் கலப்பினங்களில் ஆண் மலடு, பெண் குட்டி ஈனக்கூடும். கொல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக்காட்சியகத்தில் ஆண் புலிக்கும் பெண் சிங்கத்துக்கும் 1971இல் பிறந்த ருத்ராணி என்ற பெண் விலங்கு, பின்னர் ஆசியச் சிங்கத்தோடு சேர்ந்து குட்டிகளை ஈன்றது. 2012இல் உருசியாவின் நோவோசிபிர்ஸ்க் காட்சியகத்திலும் இத்தகைய பிறப்பு நிகழ்ந்தது. இக்கலப்பினங்கள் காட்சிப் பொருளாக மட்டுமே பயன்படுகின்றன. அவற்றால் உயிரினப் பாதுகாப்புக்கு நன்மை எதுவும் இல்லை.

இமயமலைப் பகுதியில் யாக்கும் மாடும் கலந்து பிறக்கும் ட்சோ என்னும் விலங்கு, மக்களின் வாழ்வோடு ஒன்றியது. இரண்டுக்கும் 60 நிறப்புரிகள். ஆண் மலடு, எனவே உழவுக்கும் சுமைக்கும் பயன்படும். பெண் நன்கு ஈன்று பால் தரும். ஆண்களில் வளம் திரும்ப, பெண் வழியாகச் சில தலைமுறைகள் மீண்டும் மாட்டோடோ யாக்கோடோ சேர்க்க வேண்டும். ஒற்றைத்திமில் ஒட்டகமும் இரட்டைத்திமில் ஒட்டகமும் கலந்து பிறப்பவை இரு பாலிலும் வளமானவை. நாய், ஓநாய், கயோட்டி ஆகியவற்றுக்கும் அப்படியே. செம்மறியாடும் (54) வெள்ளாடும் (60) கலந்தால் கரு பெரும்பாலும் பிறக்குமுன் இறந்துவிடும். 2000ஆம் ஆண்டில் போட்சுவானாவில் உயிரோடு பிறந்த ஒரு குட்டிக்கு 57 நிறப்புரிகள் இருந்தன. ஆணாகிய அது மலடாகவே இருந்தது.

மலட்டுத்தன்மையின் விளைவுகள்

கோவேறு கழுதை தன் இனத்தைத் தானே பெருக்காததால், ஒவ்வொன்றையும் புதிதாகவே உருவாக்க வேண்டும். அதற்குப் பெரிய ஆண் கழுதைகள் தேவை. 1785இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஆண் கழுதைகளை அன்பளிப்பாக அனுப்பினார். அமெரிக்காவில் கோவேறு கழுதை வளர்ப்பு பெருக இது உதவியது. பிரான்சின் புவாத்து வட்டாரத்தில் இதற்கென்றே நீண்ட சடைமயிர் கொண்ட பெருங்கழுதை இனம் ஒன்று பேணப்பட்டது. சரக்குந்தும் டிராக்டரும் வந்து கோவேறு கழுதைக்குத் தேவை குறைந்ததும் அக்கழுதைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 1977இல் கணக்கெடுத்தபோது 44 மட்டுமே எஞ்சியிருந்தன. பின்னர் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளால் அவ்வினம் அழிவிலிருந்து மீண்டது.

சிறந்த ஓட்டக் கோவேறு கழுதை ஒன்று கிடைத்தாலும் அதன் வழித்தோன்றலைப் பெற முடியாது என்பது வளர்ப்போரின் நெடுநாள் குறை. 2003 மே 4 அன்று ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ஐடஹோ ஜெம் என்னும் கோவேறு கழுதை படியாக்க முறையில் பிறந்தது. குதிரைக் குடும்பத்தில் படியாக்கப்பட்ட முதல் விலங்கு இதுவே. டாஸ் என்னும் பந்தயக் கோவேறு கழுதையின் பெற்றோரை மீண்டும் சேர்த்து உண்டான கருவின் உயிரணுக்கள் இதற்குப் பயன்பட்டன. 300க்கு மேற்பட்ட முயற்சிகளில் மூன்று குட்டிகளே பிறந்தன. அவற்றுள் ஐடஹோ ஜெம், ஐடஹோ ஸ்டார் ஆகிய இரண்டும் 2006இல் நெவாடாவின் வின்னமக்கா நகரில் நடந்த பந்தயத்தில் ஓடின.